தாழ மாட்டிய வரைபடம்: ஆற்றங்கரை வீடு ஒன்றின் சுவர்

திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கம், தாமிரபரணியை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. திண்ணை, அடுத்துத் தார்சா என்கிற முன்கூடம், உள்ளே பட்டாசல் என்கிற கூடம், மேலே மச்சு என்கிற மாடி அறை என்று பழைய கட்டு. செங்கலும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த கனத்த சுவர்கள். தார்சாவின் வடக்குச் சுவர் 14 அடி நீளம், 10 அடி உயரம். கதவோ ஜன்னலோ குறுக்கே வராத முழுச் சுவர். 2024ஆம் ஆண்டின் பெரும்பகுதி எனக்கு அந்த ஒரு சுவரோடு போயிற்று.

பழைய ஓவியம், வரைபடம், புகைப்படம் இவற்றைப் பிரதி எடுத்துப் பெரிதாக்கி வீடுகளில் மாட்டித் தருவது என் தொழில். செய்த வேலைகளில் இதை மட்டும் விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது என்று கடைசியில் யோசிக்கிற விஷயம், இந்த வீட்டில் முதல் கேள்வியாக வந்து, மற்ற எல்லாவற்றையும் அதுவே தீர்மானித்துவிட்டது.

வீட்டில் இருப்பது மூன்று பேர். எண்பதைத் தாண்டிய ஆச்சி, அவர் மகன், மருமகள். மகனை அண்ணாச்சி என்றும் மருமகளை மதினி என்றும் கூப்பிடுவேன். பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான்.

வெள்ளம் வந்தபோது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு கரையை விட்டுத் தெருவுக்குள் ஏறியது. இந்த வீட்டுத் தார்சாவில் நாலரை அடிக்குத் தண்ணீர் நின்றது. வண்டல் படிந்த கோடு சுவரைச் சுற்றிலும் நூல் பிடித்த மாதிரி தெரிந்தது.

தாத்தா காலத்தில் இதே சுவரில் படங்கள் உத்திரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு மரச் சட்டத்தில் வரிசையாக, முன்பக்கம் சாய்ந்து தொங்கினவாம். அப்படியே விட்டிருந்தால் ஒன்றுகூட நனைந்திருக்காது. பத்து வருடத்துக்கு முன் வெள்ளையடிக்க இறக்கினார்கள். "இதெல்லாம் எதுக்கு, வீடு இருட்டாத் தெரியுது" என்று யாரோ சொல்ல, அவை திரும்ப ஏறவில்லை. பதினொரு படங்களும் கட்டிலுக்கு அடியில் போயின. சுவரில் இணையத்தில் வாங்கிய ஈஃபிள் கோபுரப் படம், மூன்று துண்டு வரிசை, வந்தது. வெள்ளத்தில் அந்த மூன்றும் ஊறிப் பிரிந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்தவை மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன.

நான் போனது மூன்று வாரம் கழித்து. அதற்குள் மொட்டை மாடியில் எல்லாவற்றையும் வெயிலில் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். அன்போடு செய்த காரியம்தான், ஆனால் புகைப்படத்துக்கு ஆகாத காரியம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் படலம். தண்ணீரில் ஊறி, கூழ் மாதிரி மென்மையாகிவிடும். வெயிலில் சட்டென்று இறுகும்போது சுருண்டு வெடிக்கும். நல்ல குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, முகம் மேலே பார்க்க, நிழலில் பருத்தித் துணிமேல் பரப்பியிருக்க வேண்டும். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். கையில் நேரம் இல்லையென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனி பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். கரண்டே இல்லாத அந்த வாரத்தில் அதைச் சொல்லிப் பயன் இல்லை என்பதும் தெரியும்.

எட்டுப் புகைப்படங்களில் இரண்டில் முகமே போய்விட்டது. மூன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன. ஒட்டியதைப் பிய்த்தால் படலம் கண்ணாடியோடு வந்துவிடும், அதனால் பிய்க்காமல் கண்ணாடிக்கு மேலிருந்தே ஸ்கேன் செய்தேன். மூன்று ஓரளவு தப்பின. மீதி இருந்த மூன்றும் சாமி படங்கள், அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

மச்சில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் தண்ணீர் தொடவில்லை. தாத்தா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்தவர். பெட்டியில் அவருடைய சம்பளப் புத்தகம், அவர் பெட்டி கேமராவில் எடுத்த சின்னச் சின்னப் படங்கள், அப்புறம் துணியில் ஒட்டி மடித்த ஒரு வரைபடம்.

58 எச் 10

அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா 1930களில் அச்சிட்ட தாள் அது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். எட்டுத் துண்டாக வெட்டி, இடையில் மடிப்புக்கு நூலிழை இடம் விட்டு, மெல்லிய துணியில் ஒட்டியது. களத்தில் இறங்கி வேலை பார்க்கிறவர்கள் பையில் வைத்துக்கொள்வதற்காக அப்படிச் செய்வார்கள். மடிப்பு தாளில் விழாமல் துணியில் விழுவதால் தொண்ணூறு வருடம் ஆகியும் கிழியவில்லை. மேலே தாள் எண் 58 எச் 10.

அதைத் தார்சாவில் விரித்ததும் வீட்டில் எல்லாரும் செய்தது ஒன்றுதான். நடுவில் திருநெல்வேலியைத் தேடினார்கள். நடுவில் இல்லை. இந்த வரிசைத் தாள்கள் ஒவ்வொன்றும் கால் பாகை அகலம், கால் பாகை உயரம். எச் 10 என்பது வடக்கே 8 பாகை 45 கலையிலும் (ஒரு பாகைக்கு 60 கலை) கிழக்கே 77 பாகை 45 கலையிலும் முடிந்துவிடுகிறது. நம் ஊர் இருப்பது 8 பாகை 44 கலையை ஒட்டி. ஆகவே திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தாளின் வலது மேல் மூலையில் போய் ஒண்டிக்கொள்கின்றன. வடக்கே மானூர் எச் 9ல், கிழக்கே கிருஷ்ணாபுரம் எச் 14ல், சீவலப்பேரி எச் 13ல். நாலு தாளையும் சேர்த்தால்தான் இரட்டை நகரம் நடுவுக்கு வரும்.

சேர்த்துவிடலாமா என்று யோசித்தோம். மற்ற மூன்றும் அதே காலத்துப் பதிப்பாகக் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவை 1:50,000 அளவு. பழைய தாளில் 44 சென்டிமீட்டர் வரும் நிலம் புதியதில் 55 சென்டிமீட்டர் வரும், எழுத்தும் நிறமும் வேறு. கணினியில் சுருக்கி ஒட்டலாம், ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒட்டு தெரியும். எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. பழைய வரைபடத்தை அழகுக்காக வெட்டி ஒட்டக் கூடாது. மூலையில் இருக்கும் ஊர் மூலையிலேயே இருக்கட்டும் என்றேன். தாத்தா பார்த்ததும் அப்படித்தானே.

அந்த மூலையிலிருந்து இடப்பக்கமாக ஆற்றோடு போனால் சுத்தமல்லி அணைக்கட்டு, அங்கிருந்து பிரியும் திருநெல்வேலிக் கால்வாய், இன்னும் மேலே சேரன்மகாதேவி. வயல்கள் மஞ்சள், ஊர்கள் சிவப்பு, குளங்கள் நீலம். எத்தனை குளம்! இன்று புதிய பேருந்து நிலையம் நிற்கும் வேய்ந்தான்குளத்தில் அண்ணாச்சி விரலை வைத்தார். அங்கே பேர் சொன்னது போலக் குளம்தான் இருந்தது. ஊர்ப் பெயர்கள் டின்னவெல்லி, பாலம்கோட்டா என்று வெள்ளைக்காரர் வாய்க்கு வந்தபடி.

அன்று மாலை முழுக்க அந்தத் தாளின் முன் நாங்கள் நின்றோம். பத்து வருடம் அந்தச் சுவரில் இருந்த ஈஃபிள் கோபுரத்தின் முன் யாராவது நின்று பார்த்தார்களா என்று மதினியிடம் கேட்டேன். "கீழ சோபா கெடக்கும், அங்கன யாரு நிக்கா?" என்றார். நானும் அந்தப் படத்தைக் குறை சொல்லவில்லை. பயண விளம்பரப் போஸ்டர் அருமையான கலை. இந்திய ரயில்வேகூட 1930களில் அப்படி நல்ல போஸ்டர்கள் போட்டிருக்கிறது. ஆனால் இந்தச் சுவருக்கு ஏற்றது தகரப் பெட்டியில் இருந்தது.

முதல் பிரதி கெட்டுப்போனது

அவசரப்பட்டது நான். பேரன் பொங்கலுக்கு வரும்போது காட்ட வேண்டும் என்று கைப்பேசியில் வரைபடத்தைப் படம் எடுத்து, ஒரு கடையில் கொடுத்து 34 அங்குல அகலத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து வாங்கினேன். என் கைப்பேசிப் படத்தின் அகலம் 3,000 பிக்சல். 34 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 88 பிக்சல்தான் வரும். கல்யாண பேனருக்கு அது தாராளம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பதுதானே. வரைபடத்தை ஓர் அடி தூரத்தில் முகத்தை வைத்துப் படிப்பார்கள். அதற்கு 300 வேண்டும். பெரிய ஊர்ப் பெயர்கள் தெரிந்தன, சின்ன ஊர்ப் பெயர்கள் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிட்டன. தவிர ட்யூப்லைட் வெளிச்சம் ஃப்ளெக்ஸின் பளபளப்பில் விழுந்து பாதிப் படம் வெள்ளையாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் வாடை வேறு. மறுநாளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். எட்டுத் துண்டும் ஒவ்வொன்றாக ஏ4 ஸ்கேனரில் அடங்கின. 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், எடுத்தேன். 17 அங்குல வரைபடம் 10,200 பிக்சல் ஆயிற்று, இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 300 நிற்கிறது. துண்டுகளுக்கு இடையில் தெரியும் துணிக்கோடுகளை அழிக்கவில்லை. தாளின் பழுப்பையும் வெளுக்கவில்லை. கடைகளில் பையன்கள் பழைய படம் என்றால் உடனே பிரைட்னஸைக் கூட்டுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து தடுக்க வேண்டியிருக்கும்.

உயரம்

அச்சடிப்பதற்கு முன் சுவரில் பழைய செய்தித்தாளை அதே அளவுக்கு ஒட்டிப் பார்ப்பது என் வழக்கம். அண்ணாச்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை: எதுவானாலும் வண்டல் கோட்டுக்கு மேலே. நியாயம்தான். நாலரை அடிக்கு மேலே ஓர் அடி பாதுகாப்பு விட்டு, ஐந்தரை அடியில் தாளின் அடிவிளிம்பு. அப்படி ஒட்டினால் மேல் விளிம்பு எட்டு அடிக்கு மேலே போகிறது. ஊர் இருப்பதோ மேல் மூலையில்.

ஆச்சி வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "அவ்வளவு ஒசரத்துல நம்மூரு இருந்தா நான் எப்படிய்யா பாக்கது?" என்றார். ஐந்தடிக்கும் குறைவான உயரம் அவர்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தாத்தா காலத்தில் உத்திரத்துக்குக் கீழே தொங்கிய படங்களில் யார் யார் என்று பேரனுக்கு ஏன் தெரியவில்லை என்பது. தண்ணீருக்கும் கைக்கும் எட்டாத உயரத்தில் இருந்தவை கண்ணுக்கும் எட்டவில்லை. அசலை மாட்டும்போது உயரமாகத்தான் மாட்ட முடியும், போனால் வராது என்ற பயம் இருக்கும். ஆனால் நாம் மாட்டப்போவது நகல். நனைந்தால் இன்னொன்று. அசல் மச்சில் இருக்கட்டும், நகலை ஆச்சியின் கண் மட்டத்தில் மாட்டுவோம் என்றேன். அண்ணாச்சி யோசித்துவிட்டு, "வருசா வருசம் நனையுமே தம்பி" என்றார்.

அதற்கு மதினிதான் வழி சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். "வகுப்புல மாட்டுத மேப் மாதிரி சுருட்டுத மாதிரி பண்ணிரலாமே." கண்ணாடியும் சட்டமும் வேண்டாம். பருத்தி கேன்வாஸில், பளபளப்பில்லாத மேட் பரப்பில், பிக்மென்ட் மையில் அச்சு. மேலும் கீழும் தேக்கு உருளை. தெருக்கோடியில் இருக்கும் ஆசாரி இரண்டு நாளில் கடைந்து கொடுத்தார். மேல் உருளையில் கயிறு, சுவரில் இரண்டு ஆணி. ஆறு பெருகுகிறது என்று தெரிந்தால் கழற்றி, சுருட்டி, மச்சுக்குக் கொண்டுபோக ஒரு நிமிடம் போதும். துணியில் ஒட்டிய அசலுக்குத் துணியிலேயே நகல் அமைந்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

கடைசியில் மாட்டியபோது ஊர் இருக்கும் மூலை தரையிலிருந்து நாலே முக்கால் அடி. அடி உருளை இரண்டடிக்குக் கீழே இறங்கிவிட்டது. அலங்காரக் கணக்கில் அது தாழ்வுதான். சோபாவை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம்.

கூட வந்தவை

வரைபடத்துக்கு வலப்பக்கம் பாபநாசம் அருவி. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792ல் தெற்கே பயணம் வந்தபோது நம் பக்கத்துக் குற்றாலம், பாபநாசம், களக்காடு எல்லாம் பார்த்து வரைந்திருக்கிறார்கள். பிறகு லண்டனில் 144 படங்கள் கொண்ட தொகுப்பில் அவை வெளியாயின. செம்புத் தகட்டில் அமிலம் கொண்டு நிழலை அரித்து, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய அக்வாட்டின்ட் முறை. இருவரும் இறந்து 180 ஆண்டுக்கு மேல் ஆகிறது, உரிமைச் சிக்கல் இல்லை. பெரிய நூலகங்கள் நல்ல தரத்தில் இணையத்தில் வைத்திருக்கின்றன. கீழே ஆங்கிலத்தில் புப்பனாசம் என்று பொறித்திருப்பதை வெட்டாமல் விட்டேன். மங்கின நிறத்தையும் அப்படியே விட்டேன், சுண்ணாம்புச் சுவருக்கு அதுதான் பொருந்துகிறது.

இடப்பக்கம் தாத்தா எடுத்த படம். சுலோச்சன முதலியார் பாலம் பின்னால் தெரிய, ஆற்று மணலில் ஒரு சைக்கிள், ஆள் இல்லை. 1843ல் திறந்த பாலம், இன்றும் டவுனுக்கும் பாளைக்கும் அதன்மேல்தான் போகிறோம். அசல் 6க்கு 9 சென்டிமீட்டர். 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்ததில் ஏ2 அளவுக்கு அங்குலத்துக்கு 180 பிக்சல் கிடைத்தது. புகைப்படத்தை நாலடி தள்ளி நின்று பார்ப்பார்கள், அதற்கு இது போதும்.

ஆச்சியின் கல்யாணப் படம்தான் பேச்சை வளர்த்தது. கண்ணாடியில் ஒட்டிய மூன்றில் ஒன்று அது. பேரன் ஸ்கேனை ஏதோ செயலியில் போட்டு நிறம் ஏற்றி அனுப்பினான். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அண்ணாச்சிக்கும் பிடித்துவிட்டது. ஆச்சி கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இது யாரு?" என்றார். "நீங்கதான் ஆச்சி." "கூறைப் புடவை அரக்குல்லா, இது பச்சையா இருக்கு. மூக்குத்தியக் காணலையே." கறைகளை நீக்குகிறேன் என்று அந்தச் செயலி மூக்குத்தியையும் புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. கறுப்பு வெள்ளையிலேயே மாட்டினோம். பூஞ்சை அரித்த இடத்தை மட்டும் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத்தால் நிரப்பினேன். முகத்தில் கை வைக்கவில்லை.

சாமி படங்கள் மூன்றில் ஒன்று கஜலட்சுமி, கீழே கொண்டையராஜு கையெழுத்து. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட ஓவியர். 1986 வரை கோவில்பட்டி நம் மாவட்டம்தான். அவரும் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. அதைப் பெரிதாக்கி நடுச்சுவரில் மாட்டலாம் என்பது பேரனின் ஆசை. இரண்டு காரணத்தால் செய்யவில்லை. ஓவியர் காலமானது 1976ல், இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு, நான் அச்சடித்து விற்க முடியாது. மற்றது ஆச்சி சொன்னது: "சாமிய அழகுக்கு மாட்டப்புடாது. மாட்டினா வெளக்கு ஏத்தணும்." அசலையே காய வைத்து, அமிலம் இல்லாத அட்டையை முதுகுக்குக் கொடுத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டு, புதுச் சட்டத்தில் பூசை அறையில் வைத்தோம். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேலோடு நின்றுவிடும்.

சுவர் காயும் வரை

இவ்வளவும் மே மாதத்திலேயே தயார். ஆனால் மாட்டியது செப்டம்பரில். வெள்ளம் குடித்த காரைச் சுவர் மேலே காய்ந்த மாதிரி காட்டும், உள்ளே ஈரம் இருக்கும். ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்ப்பேன். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஆகவில்லை. மேயில் வியர்த்தது, ஜூலையிலும் வியர்த்தது. கோட்டுக்குக் கீழே உப்புப் பூத்துக்கொண்டே இருந்தது. பெயின்ட்காரர் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிடலாம் என்றார். அடித்திருந்தால் ஈரம் உள்ளே அடைபட்டு ஒரே வருடத்தில் பாளம் பாளமாக உரிந்திருக்கும். உப்பைத் தூரிகையால் தட்டிவிட்டு, வெறும் சுண்ணாம்புதான் அடித்தோம். சட்டம் போட்ட படங்களுக்குப் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக வழி விட்டேன்.

2024 டிசம்பரில், 12ஆம் தேதி தொடங்கி மறுபடி கனமழை. ஆற்றில் வெள்ளம். இரவு ஒன்பது மணிக்கு மதினி கூப்பிட்டு, "சுருட்டி மேல வச்சாச்சு தம்பி, பாலமும் அருவியும் ஏத்தியாச்சு" என்றார். தண்ணீர் அந்த முறை தெருவோடு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் காலையில் திரும்ப மாட்டினார்கள்.

போன வாரம் போயிருந்தேன். வலது மேல் மூலையில், ஆற்றுக்கு வடகரையில், வீடு இருக்கும் இடத்தில் விரல் பட்டுப் பட்டுக் கேன்வாஸ் கறுத்துப்போய்விட்டது. ஆச்சி வருகிறவர்களுக்கெல்லாம் தொட்டுக் காட்டுகிறார். மேலே ஒரு பூச்சு அடிக்கட்டுமா என்று கேட்டேன். அடித்தால் பளபளக்கும், வெளிச்சம் விழும், அப்படியே இருக்கட்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கோப்பு என்னிடமும் பேரனிடமும் இருக்கிறது. அந்த இடத்தில் மை போனால் இன்னொரு பிரதி எடுத்து, அதே உருளையில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.